கடல்நீர்த் தொட்டிக்குப் புதிய கிளாத்தி: ‘முதல் 30 நாள் தனியே இருக்கட்டும்!’

வாசகர் கேள்வி – பதில்

‘‘எங்கள் வீட்டில் 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் கடல்நீர் மீன்தொட்டி இருக்கிறது. அதில் இரண்டு கோமாளி மீன், மூன்று நீல டாம்செல், இரண்டு இறால், சில நத்தைகள் வளர்க்கிறோம். கல்லூரியில் படிக்கும் மகன், கடையில் ‘டிரிகர்’ என்று சொல்லும் கிளாத்தி மீன் ஒன்று வாங்க ஆசைப்படுகிறான். போன வருடம் புதிதாக வாங்கிய ஒரு மீனை அன்றைக்கே தொட்டியில் விட்டோம். 10 நாளில் எல்லா மீனுக்கும் வெண்புள்ளி வந்து, ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆட்டுக்குட்டிகள் விற்ற பணம் அதில் போய்விட்டது. மூன்று மாதம் மீன் இல்லாமல் தொட்டியை ஓடவிட்டு, பிறகுதான் இப்போது உள்ள மீன்களை வாங்கினோம். இந்த முறை எப்படிச் செய்தால் நஷ்டம் வராது?’’
– வாசகி, திருச்செந்தூர் வட்டம்.

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தத் தொட்டிக்குக் கிளாத்தி பொருந்துமா என்பது ஒன்று. எந்தப் புது மீனையும் எப்படிச் சேர்ப்பது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில், ‘பொருந்தாது’ என்பதுதான். இரண்டாவது கேள்விக்கான பதில், மீன் வளர்க்கும் எல்லோருக்கும் பயன்படக்கூடியது.

இந்தத் தொட்டியில் ஏன் கூடாது?

வாசகி சொல்லும் அளவுக்குக் கணக்குப் போட்டால் தொட்டியின் கொள்ளளவு 9 கன அடி. அதாவது சுமார் 255 லிட்டர். மணல், பாறை போக 200 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். கிளாத்தி, கடையில் மூன்று விரல் நீளத்தில் அழகாக இருக்கும். ஆனால், வீட்டுத் தொட்டிக்கென்று விற்கப்படும் பெரும்பாலான இனங்கள் ஓர் அடி வரை வளரக்கூடியவை. சில இனங்கள் அதையும் தாண்டும். ஓர் அடி மீனுக்கு ஒன்றரை அடி அகலத் தொட்டியில் திரும்புவதற்கே இடம் போதாது.

அடுத்தது அதன் உணவு. நண்டு, இறால், நத்தை, சிப்பி, கடல் முள்ளெலி ஆகியவற்றை ஓட்டோடு உடைத்துத் தின்பதற்கென்றே அமைந்த பல்லும் தாடையும் கிளாத்திக்கு உண்டு. அந்த இரண்டு இறாலும் நத்தைகளும் அதற்குத் தீனிதான். கோமாளி மீனும் டாம்செல்லும் சிறியவை என்பதால், கிளாத்தி வளர வளர அவற்றுக்கும் ஆபத்து. கோழிக்குஞ்சுக் கூண்டில் கீரியை விட்டுவிட்டு, ‘பழகிவிடும்’ என்று காத்திருக்க முடியாது.

எனவே, இப்போதுள்ள தொட்டியை அப்படியே விட்டுவிட வேண்டும். மகனின் ஆசை உறுதியானது என்றால், குறைந்தது 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள தனித் தொட்டி வேண்டும். அது 24 கன அடி. சுமார் 680 லிட்டர். மணல், பாறை போக 600 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 35 கிராம் வீதம் முதல் நிரப்புக்கே 21 கிலோ கடல் உப்புக் கலவை தேவை. பிறகு மாதம் 15 சதவிகிதத் தண்ணீரை மாற்றினால், ஒவ்வொரு மாதமும் சுமார் 3 கிலோ உப்பு ஆகும். தண்ணீர், கண்ணாடி, பாறை எல்லாம் சேர்ந்தால் எடை முக்கால் டன்னைத் தாண்டும். மாடியில் வைக்கும் எண்ணம் இருந்தால் கட்டடம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்க வேண்டும். இந்தச் செலவும் இடமும் கட்டுப்படி ஆகுமா என்று பார்த்துவிட்டுத்தான் மீன் கடைக்குப் போக வேண்டும்.

எந்தக் கிளாத்தி?

எல்லாக் கிளாத்தியும் ஒரே குணம் கொண்டவை அல்ல. சிவப்புப்பல் கிளாத்தி, கடலில் கூட்டமாக நீந்தி, நீரோட்டத்தில் வரும் மிதவை உயிர்களை உண்டு வாழ்வது. கருநீல உடலும் பிறை போன்ற வாலும் கொண்டது. கிளாத்திகளில் ஓரளவு சாதுவானது இதுதான். பிக்காசோ கிளாத்தி நடுத்தரக் குணம் உள்ளது. ஆழம் குறைந்த பகுதியில் வாழ்வதால் தொட்டி வாழ்க்கைக்கு ஓரளவு பழகிக்கொள்ளும்.

வயிற்றில் பெரிய வெள்ளை வட்டங்கள் உள்ள கோமாளி கிளாத்தி, பார்ப்பதற்கு மிக அழகு. ஆனால், அரை மீட்டர் வரை வளரும். வயது ஏற ஏற மூர்க்கமும் ஏறும். உடல் முழுக்க ஆரஞ்சுக் கோடுகள் ஓடும் இனம், பெரும்பாலும் எந்த மீனையும் உடன் வாழவிடாது. அதைத் தனியாகத்தான் வைக்க வேண்டும். டைட்டன் என்று சொல்லப்படும் இனம் 75 சென்டிமீட்டர் வரை வளரும். முட்டையிட்ட குழியைக் காக்கும்போது கடலில் மூழ்குபவர்களையே துரத்திக் கடிக்கக்கூடியது. வீட்டுத் தொட்டிக்கு அது ஆகாது. முதல்முறை வளர்ப்பவர்கள் சிவப்புப்பல் அல்லது பிக்காசோ, இரண்டில் ஒன்றை மட்டும் தேர்வு செய்வது நல்லது. ஒரு தொட்டியில் ஒரு கிளாத்தி போதும்.

போன வருடம் நடந்தது என்ன?

சந்தையில் வாங்கிய ஆட்டை யாரும் நேராகப் பட்டியில் விடுவதில்லை. இரண்டு, மூன்று வாரம் தனியே கட்டி, சளி, கழிச்சல் இருக்கிறதா என்று பார்த்து, குடற்புழு நீக்கம் செய்த பிறகே மந்தையில் சேர்ப்பது வழக்கம். மீனுக்கும் அதே விதிதான். ஆனால், மீன் வளர்ப்பவர்களில் பலர் இதைக் கடைப்பிடிப்பதில்லை.

கடல் மீன்களுக்கு வரும் வெண்புள்ளி நோய்க்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒட்டுண்ணி. அது மீனின் தோலிலும் செவுளிலும் புகுந்து, சில நாள்கள் சத்தை உறிஞ்சி வளரும். உப்புத்தூள் தூவியதுபோல் நமக்குத் தெரியும் புள்ளிகள் அவைதான். வளர்ந்ததும் மீனை விட்டு உதிர்ந்து, மணலிலும் பாறையிலும் ஒட்டிக் கூடு கட்டிக்கொள்ளும். இந்த நேரத்தில் மீனின் உடலில் புள்ளிகள் மறைந்துவிடும். வளர்ப்பவர், ‘குணமாகிவிட்டது’ என்று நிம்மதி அடைவார். ஆனால், சில நாள்கள் முதல் சில வாரங்களுக்குள் ஒவ்வொரு கூட்டிலிருந்தும் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் வெளியேறி, மறுபடியும் மீனைத் தேடி வரும். கடலில் மீன் நீந்திப் போய்விடுவதால் தப்பிக்கிறது. நாலு அடிக் கண்ணாடிக்குள் தப்ப வழியில்லை. ஒரு களைச்செடி விதை உதிர்த்து, அடுத்த பட்டத்தில் வயல் முழுக்க முளைப்பது போன்றதுதான் இது.

மீன் கிடைக்காவிட்டால் இந்த ஒட்டுண்ணியின் குஞ்சுகள் ஒன்றிரண்டு நாளில் செத்துவிடும். அதனால், மூன்று மாதம் மீன் இல்லாமல் தொட்டியை ஓடவிட்டது சரியான செயல். இப்போதுள்ள மீன்கள் நலமாக இருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

தனித்தொட்டி தயாரிப்பு

மீனை வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். இரண்டரை அல்லது மூன்று அடி நீளத்தில், 100 முதல் 150 லிட்டர் பிடிக்கும் சாதாரணக் கண்ணாடித் தொட்டி போதும். இதில் மணலும் பாறையும் போடக் கூடாது. ஒட்டுண்ணி கூடு கட்ட இடம் கொடுக்கக் கூடாது என்பதோடு, மருந்தையும் அவை உறிஞ்சிக்கொள்ளும். மீன் ஒளிந்துகொள்ள 4 அங்குல பி.வி.சி குழாய்த் துண்டுகள், வளைவுகள் இரண்டு மூன்றைப் போட்டால் போதும். மேலே மூடி வேண்டும்.

கடல்நீர்த் தொட்டியின் உயிர்நாடி அதன் வடிகட்டியில் வாழும் நுண்ணுயிர்கள்தான். வயலில் போட்ட யூரியா அமோனியாவாகி, பிறகு நைட்ரேட்டாக மாறுவதற்கு மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் உதவுகின்றன அல்லவா? மீனின் கழிவில் வரும் அமோனியாவைத் தொட்டியில் நைட்ரேட்டாக மாற்றுபவையும் அந்த வகை நுண்ணுயிர்களே. புதிய வடிகட்டியில் அவை பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். எனவே, நலமாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் ஸ்பாஞ்ச் வடிகட்டி ஒன்றை ஒரு மாதம் முன்பே போட்டுவைத்து, பிறகு தனித்தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வலை, வாளி, குழாய் எல்லாம் தனித்தொட்டிக்குத் தனியாக இருக்க வேண்டும். தினசரி வேலையைப் பெரிய தொட்டியில் முடித்துவிட்டு, கடைசியாகத்தான் தனித்தொட்டியில் கை வைக்க வேண்டும்.

விவசாய வீடுகளுக்கு இன்னோர் எச்சரிக்கையும் உண்டு. பூச்சிக்கொல்லி கலக்கிய வாளி, உரம் வைத்த டப்பா, போர்டோ கலவை தயாரித்த பாத்திரம் எதையும், எத்தனை முறை கழுவியிருந்தாலும், மீன் தொட்டிக்குப் பயன்படுத்தக் கூடாது. மருந்து தெளித்துவிட்டு வந்த கையைத் தொட்டிக்குள் விடக் கூடாது. பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் மீனுக்கும் இறாலுக்கும் மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. கொசுவுக்கு அடிக்கும் ஸ்பிரேயிலும் பெரும்பாலும் இந்த வகை மருந்துதான் இருக்கிறது. தொட்டிக்குக் காற்று அனுப்பும் ஏர் பம்ப், அந்த அறையின் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் விடுகிறது என்பதை மறக்கக் கூடாது.

கடையில் பார்க்க வேண்டியவை

மீன் கடைக்கு வந்து குறைந்தது ஒரு வாரம் ஆகியிருக்க வேண்டும். வாங்குபவரின் கண் முன்னால் அது தீனி எடுக்க வேண்டும். ‘காலையில்தான் சாப்பிட்டது’ என்ற பதிலை நம்பி வாங்கக் கூடாது. வயிறு உள்ளே ஒட்டியிருக்கக் கூடாது. செவுள் மூடி வேகவேகமாக அடித்தாலும், பாறையில் உடம்பைத் தேய்த்தாலும் நோய் இருக்கிறது என்று பொருள். கிளாத்தியின் இரண்டு கண்களும் தனித்தனியே சுழலக்கூடியவை. நலமான மீன், தொட்டி அருகே வரும் ஆளை ஒரு கண்ணால் கவனித்துக்கொண்டே இருக்கும். அதே தொட்டியில் செத்த மீன் ஒன்று கிடந்தாலும், அந்தத் தொட்டி மீன் வேண்டாம். மூன்று நான்கு அங்குல அளவுள்ள மீன் சீக்கிரம் பழகும்.

அந்தக் கடைத் தொட்டியின் உப்புத்தன்மை எவ்வளவு என்று கேட்டு, முடிந்தால் அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். உப்புச் செலவைக் குறைக்கவும், ஒட்டுண்ணியைக் கட்டுப்படுத்தவும் பல கடைகளில் கடல்நீரைவிடக் குறைந்த உப்பில் மீனை வைத்திருப்பார்கள். தனித்தொட்டியின் உப்பையும் முதலில் அதே அளவில் வைத்துவிட்டால், மீனுக்கு அதிர்ச்சி இருக்காது. பிறகு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, ஒரு வாரம் பத்து நாளில் லிட்டருக்கு 33 – 35 கிராம் என்ற நிலைக்குக் கொண்டுவரலாம். நிழல்வலையில் வளர்ந்த நாற்றைச் சில நாள் வெயிலுக்குப் பழக்கி நடுவது போலத்தான் இதுவும்.

கிளாத்தியின் முதுகில் உள்ள முதல் முள் தடித்தது. பயந்தால் அதை நிமிர்த்தி, இரண்டாவது முள்ளால் பூட்டிக்கொள்ளும். அந்த இரண்டாவது முள் தாழ்ந்தால்தான் முதல் முள் மடங்கும். துப்பாக்கி விசைபோல் இருப்பதால்தான் இதற்கு ‘டிரிகர்’ என்று பெயர். இந்த முள் பிளாஸ்டிக் பையைக் கிழித்துவிடும். அதனால், இரண்டு மூன்று பைகளை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு, ஆக்சிஜன் நிரப்பி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து எடுத்து வர வேண்டும். வலையில் பிடித்தாலும் முள் சிக்கிக்கொள்ளும். இழுத்தால் முள்ளும் தோலும் காயமாகும். வாயகன்ற பிளாஸ்டிக் டப்பாவால் தண்ணீரோடு சேர்த்து மொண்டு எடுப்பதே சரியான முறை.

வீட்டுக்கு வந்த முதல் நாள்

மாலை நேரமாகப் பார்த்து விடுவது நல்லது. முதலில் தொட்டி விளக்கை அணைத்துவிட்டு, பையைப் பிரிக்காமல் தண்ணீரில் 20 நிமிடம் மிதக்க விட வேண்டும். இரண்டு தண்ணீரின் சூடும் சமமாகும். கடை உப்பும் தனித்தொட்டி உப்பும் ஒன்றாக இருந்தால், பையைத் திறந்து மீனை மட்டும் டப்பாவால் எடுத்துத் தொட்டியில் விடலாம். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

உப்பில் வித்தியாசம் இருந்தால், மீனைப் பைத் தண்ணீரோடு வாளியில் விட்டு, தொட்டித் தண்ணீரை மெல்லிய குழாய் மூலம் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் பயன்படும் சிறு குழாயில் புதிதாக ஒரு துண்டு வெட்டி, வால்வு வைத்துக்கொண்டால் போதும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் வாளித் தண்ணீர் இரண்டு மடங்கானதும் மீனை மாற்றிவிடலாம்.

வெகு தூரத்திலிருந்து, 10 மணி நேரத்துக்கு மேல் பையில் அடைபட்டு வந்த மீனுக்கு இந்தச் சொட்டு முறை ஆகாது. பைக்குள் மீன் விட்ட மூச்சுக்காற்றால் தண்ணீரின் கார அமில நிலை குறைந்திருக்கும். அந்த நிலையில் அமோனியாவின் நஞ்சு வேகம் குறைவு. பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, கார அமில நிலை உயரும். உடனே அமோனியா கொடிய நஞ்சாக மாறும். இப்படி வந்த மீனை, முன்கூட்டியே உப்பு சரிசெய்த தொட்டிக்குத் திறந்த சில நிமிடங்களில் மாற்றிவிட வேண்டும்.

முதல் இரண்டு மூன்று நாள் மீன் தீனி எடுக்காமல் இருக்கலாம். குழாய்க்குள் ஒருக்களித்துப் படுத்துக்கிடந்தால் செத்துவிட்டது என்று பதறி எடுக்கக் கூடாது. கிளாத்தி தூங்குவதே அப்படித்தான். முள்ளை நிமிர்த்தி இடுக்கில் பூட்டிக்கொண்டு கிடக்கும்போது பிடித்து இழுக்கக் கூடாது. அமைதியானதும் தானே வெளியே வரும்.

அந்த 30 நாள்கள்

தண்ணீரின் சூடு 25 முதல் 28 டிகிரி, கார அமில நிலை 8.1 முதல் 8.4 வரை இருக்க வேண்டும். அமோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். டெஸ்ட் கிட் வாங்கி, முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பார்க்க வேண்டும். அமோனியா தெரிந்தால் அன்றைக்கே கால் பங்கு தண்ணீரை மாற்ற வேண்டும். ஆவியாகிக் குறையும் தண்ணீருக்குப் பதில் நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால், மறுபடியும் உப்புநீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

தீனியாக இறால், ஆளி, மட்டி, கணவாய், சிறு நண்டு ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். உறைய வைத்து, பிறகு பனி நீக்கிக் கழுவி, இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவில் நாளைக்கு இரண்டு வேளை போதும். கிளாத்தியின் பல் வளர்ந்துகொண்டே இருக்கும். வாரத்தில் சில நாளாவது ஓட்டோடு கொடுத்தால்தான் பல் தேயும். உப்பில் ஊறிய கருவாடு கூடாது.

இந்த நாள்களில் வெண்புள்ளி வந்தால், செம்பு கலந்த மீன் மருந்தைத் தனித்தொட்டியில் மட்டும் கொடுக்கலாம். லேபிளில் உள்ள அளவுப்படி, செம்பு அளவைக் காட்டும் டெஸ்ட் கிட்டை வைத்துச் சரிபார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ‘அதுவும் செம்புதானே’ என்று வீட்டில் உள்ள மயில்துத்தத்தைக் கரைத்து ஊற்றிவிடக் கூடாது. சாதாரணச் செம்பு மருந்தில் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்புதான் மீன் தாங்கும் சிகிச்சை அளவு. 100 லிட்டருக்கே 20 மில்லிகிராம்தான் வருகிறது. வீட்டுத் தராசில் அதை நிறுக்க முடியாது. பெரிய தொட்டியில் செம்பு போட்டால் இறால், நத்தை எல்லாம் செத்துவிடும்; பாறையிலும் தங்கிவிடும்.

நோய் வந்தால், குணமான நாளிலிருந்து மறுபடியும் 30 நாள் எண்ண வேண்டும். 30 நாளும் புள்ளியில்லாமல், நன்றாகத் தின்று, சுறுசுறுப்பாக நீந்தினால் பெரிய தொட்டிக்கு மாற்றலாம்.

பெரிய தொட்டியில் விடும்போது

கிளாத்தியோடு வேறு மீன்களும் வளர்ப்பதாக இருந்தால், அவற்றையெல்லாம் முதலில் விட்டுப் பழக்கி, கிளாத்தியைக் கடைசியாகச் சேர்க்க வேண்டும். முதலில் விட்டால், தொட்டி முழுவதும் தன் எல்லை என்று முடிவு செய்து, பின்னால் வரும் மீன்களைக் கடித்து விரட்டும்.

மாற்றும் நாளில் பாறைகளைக் கொஞ்சம் இடம் மாற்றி அடுக்கினால், பழைய மீன்களின் எல்லைகள் கலைந்துவிடும். பழைய மீன்களுக்கு வயிறு நிறையத் தீனி கொடுத்துவிட்டு, விளக்கை அணைக்க வேண்டும். கிளாத்தியை நேராக விடாமல், ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கூடையில் அடைத்துத் தொட்டிக்குள்ளேயே மூன்று முதல் ஏழு நாள் வைக்கலாம். ஒன்றையொன்று பார்க்கும்; கடிக்க முடியாது. கூடையைத் திறந்த பிறகு முதல் இரண்டு நாள் யாராவது அடிக்கடி கவனிக்க வேண்டும். துரத்துவது சகஜம். துடுப்பு கிழிவது, ஒரு மீன் மூலையிலேயே ஒடுங்கித் தீனி எடுக்காமல் கிடப்பது இரண்டும் ஆபத்தின் அறிகுறி. உடனே பிரித்துவிட வேண்டும். அதற்காகவே, தனித்தொட்டியை இன்னும் இரண்டு வாரமாவது கலைக்காமல் வைத்திருப்பது நல்லது.

பாறைகளை மணலின் மேல் வைக்காமல், அடிக் கண்ணாடியில் அசையாதபடி அடுக்க வேண்டும். கிளாத்தி வாயால் தண்ணீரைப் பீய்ச்சி மணலைத் தோண்டும். கற்களைக் கடித்து இழுக்கும். ஹீட்டர் ஒயரையும் கடிக்கும். ஒயர்களைக் குழாய்க்குள் செலுத்தி, இணைப்பில் மின்கசிவைத் துண்டிக்கும் கருவி பொருத்துவது கட்டாயம். சுவிட்சை அணைத்த பிறகே தொட்டிக்குள் கை விட வேண்டும். கையால் தீனி ஊட்டக் கூடாது. குழந்தைகளை அதற்கு அனுமதிக்கவே கூடாது. கடித்தால் ரத்தம் வரும். மின்வெட்டு உள்ள ஊர்களில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று தயாராக இருக்க வேண்டும்.

‘‘எங்கள் பகுதி விசைப்படகு வலையில் கிளாத்தி நிறைய வருகிறது. உயிரோடு இருப்பதை எடுத்து வந்து தொட்டியில் விடலாமா?’’
– வாசகர், குளச்சல்.

விடலாம், ஆனால் பிழைப்பது அரிது. ஆழத்திலிருந்து வேகமாக மேலே இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை ஊதி, வயிறு உப்பும், கண் பிதுங்கும். வலையில் மற்ற மீன்களோடு நெருக்குண்டு தோலும் சிராய்ந்திருக்கும். ஒன்றிரண்டு நாள் நீந்திவிட்டு இறந்துவிடும். ஆழம் குறைந்த இடத்தில் கூட்டில் சிக்கிய, காயமில்லாத சிறிய மீன்தான் தொட்டிக்குத் தேறும். அதற்கும் மேலே சொன்ன 30 நாள் விதி உண்டு.

இதில் சட்டமும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பகுதி 1986-ம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே எதையும் பிடித்து வரக் கூடாது. உயிருள்ள பவளம், கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. தொட்டி அழகுக்காக எடுத்து வந்தாலும் குற்றம்தான்.

‘‘எங்கள் தோட்டத்துப் போர்வெல்லில் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. அதிலேயே கடல் மீன் வளர்க்கலாமா? தொட்டியிலிருந்து எடுக்கும் தண்ணீரைத் தென்னைக்கு விடலாமா?’’
– வாசகர், பரமக்குடி.

இரண்டுமே வேண்டாம். நாக்குக்கு உப்பாக இருப்பதெல்லாம் கடல்நீர் ஆகாது. கடல்நீரில் சோடியம், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவை குறிப்பிட்ட விகிதத்தில் உள்ளன. நிலத்தடி உப்புநீரில் அந்த விகிதம் இருக்காது. குறிப்பாகப் பொட்டாசியம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். சமையல் உப்பைக் கரைத்தாலும் இதே குறைதான். மீன்தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவையை நல்ல தண்ணீரில் கரைத்துப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

நன்னீர் மீன்தொட்டிக் கழிவு செடிக்கு நல்ல உரம். ஆனால், கடல்நீர்த் தொட்டிக் கழிவு அப்படியல்ல. மண்ணின் மின்கடத்தும் திறன் 4 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே உவர்நிலம் என்கிறோம். கடல்நீரின் அளவு சுமார் 50. உப்பைத் தாங்கும் மரம் என்றாலும், தென்னங்குழியில் தொடர்ந்து ஊற்றினால் மண் கெடும். கிணற்றுப் பக்கமும் கொட்டக் கூடாது.

‘‘கடல் வண்ணமீன் வளர்ப்பை வருமானத்துக்காகச் செய்ய முடியுமா?’’
– மகளிர் சுய உதவிக்குழு, ராமநாதபுரம் மாவட்டம்.

கிளாத்தியை நம்பி இறங்கக் கூடாது. சந்தைக்கு வரும் கிளாத்திகள் பெரும்பாலும் கடலில் பிடிக்கப்படுபவை; வீட்டு அளவில் குஞ்சு பொரிக்கும் மீன் அல்ல. கோமாளி மீனுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. அது ஜோடி சேர்ந்து ஓட்டிலும் கல்லிலும் முட்டை ஒட்டி, ஆண் மீன் காவல் இருக்கும். சுமார் ஒரு வாரத்தில் இரவு நேரத்தில் குஞ்சு பொரிக்கும். முதல் நாள்களில் குஞ்சுக்கு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிரை உணவாகக் கொடுக்க வேண்டும். அதைத் தனியாக வளர்க்கத் தெரிவதுதான் இந்தத் தொழிலின் பாதி.

மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம், கோமாளி மீன் இனப்பெருக்கத் தொழில்நுட்பத்தில் நீண்ட அனுபவம் உள்ளது. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியையும் அணுகலாம். பயிற்சி எப்போது, மானியம் என்ன என்பதை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பயிற்சி முடிக்காமல், வாங்குபவர் யார் என்று தெரியாமல் குழுக் கடனில் தொட்டி கட்டக் கூடாது. மீன் வளர்ப்பே புதிது என்றால், கப்பி, மோலி போன்ற நன்னீர் மீன்களை ஒரு வருடம் சிமென்ட் தொட்டியில் வளர்த்துப் பார்ப்பது நல்லது. தண்ணீர் மாற்றுவது, நோய் பார்ப்பது, புது மீனைத் தனியே வைப்பது ஆகிய மூன்றும் அதிலேயே கைக்கு வந்துவிடும். அங்கே ஒரு தவறு நேர்ந்தால் போவது சில நூறு ரூபாய். கடல்நீரில் அதே தவறு குழுவின் சேமிப்பையே கொண்டுபோய்விடும்.